கவுன்சலிங்கா, மேனேஜ்மெண்ட் சீட்டா, பி.எஸ்சி.யா? எதை எடுத்தால் எந்த உதவித்தொகை கிடைக்கும்?

வைப்பாறு

எல்லோருக்கும் வணக்கம். தங்கச்சி இந்த வருடம் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். 600-க்கு 531. பொறியியல் கட்-ஆஃப் 174 வருகிறது. அப்பா தச்சு வேலை, அம்மா தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிறார். வருமானச் சான்றிதழ் ஆண்டுக்கு 96,000. எம்.பி.சி. பிரிவு. நான் பாலிடெக்னிக் டிப்ளமோ முடித்துவிட்டு அச்சகத்தில் மெஷின் பார்க்கிறேன். எங்கள் வீட்டில் டிகிரி முடித்தவர் இதுவரை யாரும் இல்லை.

போன வாரம் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியிலிருந்து ஆள் வந்தார். கவுன்சலிங் வரை காத்திருந்தால் கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்காது, இப்போதே 15,000 கட்டி ஒரிஜினல் மார்க் ஷீட்டையும் டி.சி.யையும் கொடுத்துவிடுங்கள், முதல் பட்டதாரி சலுகை முதல் எல்லா ஸ்காலர்ஷிப்பும் நாங்களே வாங்கித் தருகிறோம் என்கிறார். அம்மா பாதி சம்மதித்துவிட்டார். தங்கச்சியின் கணக்கு டீச்சரோ பி.எஸ்சி. போகச் சொல்கிறார், செலவு குறைவு என்கிறார். அவளுக்கு கம்ப்யூட்டர்தான் ஆசை.

இதில் எந்தப் பக்கம் போனால் எந்த உதவி கிடைக்கும், எது போகும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மேட்டுத்தெரு

தம்பி, முதலில் அம்மாவிடம் சொல்லுங்கள்: ஒரிஜினல் சர்டிஃபிகேட்டை யார் கையிலும் கொடுக்க வேண்டாம். கல்லூரிகள் மாணவரின் அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று யு.ஜி.சி. 2018-லேயே அறிவிக்கை போட்டிருக்கிறது. சரிபார்த்துவிட்டு அங்கேயே திருப்பித் தர வேண்டும். சான்றிதழ் அவர்களிடம் மாட்டிக்கொண்டால், நாளைக்குக் கவுன்சலிங்கில் நல்ல கல்லூரி கிடைத்தாலும் உங்களால் நகர முடியாது. முன்கூட்டியே கேட்பதற்குக் காரணமே அதுதான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். வருடா வருடம் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குக் கவுன்சலிங் விண்ணப்பம் போட்டுக் கொடுப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்.

முதல் பட்டதாரி சலுகை 2010-11 கல்வியாண்டில் வந்தது. குடும்பத்தில் முதலில் டிகிரி படிக்கப் போகிறவருக்கான கட்டணச் சலுகை அது. அதற்குச் சாதியும் கிடையாது, வருமான வரம்பும் கிடையாது. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு: அரசின் ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு வழியாகத் தொழிற்படிப்பில் சேர்ந்திருக்க வேண்டும். அதே கல்லூரி, அதே கம்ப்யூட்டர் சயின்ஸ், அதே வகுப்பறையாக இருந்தாலும் மேனேஜ்மெண்ட் கோட்டாவில் போனால் இந்தச் சலுகை கிடையாது. "நாங்களே வாங்கித் தருகிறோம்" என்று அந்த ஆள் சொன்னது இந்த விதியோடு ஒட்டவே இல்லை.

கட்டணத்திலும் வித்தியாசம் இருக்கிறது. 2017-ல் கட்டண நிர்ணயக் குழு சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு அரசு ஒதுக்கீட்டுக் கல்விக் கட்டணமாக ஆண்டுக்கு 50,000 என்றும், தேசிய அங்கீகாரம் பெற்ற பாடப்பிரிவுகளுக்கு 55,000 என்றும் வைத்தது. மேனேஜ்மெண்ட் இடங்களுக்கு 85,000, 87,000. ஆகவே அந்தப் பக்கம் போனால் சலுகையும் போய், கட்டணமும் கூடிவிடுகிறது.

சிறுபான்மை அல்லாத சுயநிதிக் கல்லூரிகள் 65 விழுக்காடு இடங்களைக் கலந்தாய்வுக்குக் கொடுக்க வேண்டும், சிறுபான்மைக் கல்லூரிகள் 50 விழுக்காடு. அந்த ஆள் விற்கிற கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட்டில் பெரும்பகுதி கலந்தாய்வுக்கு வந்தே தீரும். 174-க்கு மாநிலத்தில் எங்குமே கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்காது என்று சொன்னால் நம்பாதீர்கள்.

அப்புறம், தங்கச்சி எந்தப் பள்ளியில் படித்தாள்? ஆறாம் வகுப்பிலிருந்து சொல்லுங்கள்.

வைப்பாறு

ஆறு முதல் பன்னிரண்டு வரை ஒரே பள்ளி அண்ணா. அரசு உதவி பெறும் பள்ளி, தமிழ் வழி.

மேட்டுத்தெரு

அப்படியானால் 7.5 விழுக்காடு ஒதுக்கீடு வராது. அது ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கானது. கல்வி உரிமைச் சட்டத்தில் எட்டாவது வரை தனியார் பள்ளியில் படித்துவிட்டு ஒன்பதிலிருந்து அரசுப் பள்ளிக்கு வந்தவர்களும் அதில் வருவார்கள். உதவி பெறும் பள்ளி சேராது.

ஆனால் புதுமைப் பெண் கிடைக்கும். 2022 செப்டம்பர் 5-ல் தொடங்கியபோது அரசுப் பள்ளி மாணவிகளுக்கு மட்டும்தான் இருந்தது. 2024-25 முதல் உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் விரித்துவிட்டார்கள். மாதம் 1,000 ரூபாய், படிப்பு முடியும் வரை. வேறு உதவித்தொகை வாங்கினாலும் இதை வாங்கலாம். பி.இ., பி.எஸ்சி., டிப்ளமோ, ஐ.டி.ஐ. எதுவானாலும் சரி. தொலைதூரக் கல்வியில் சேர்ந்தால் மட்டும் கிடையாது.

நிலாமுற்றம்

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். என் பையன் ஆறிலிருந்து அரசுப் பள்ளிதான். எங்களிடமும் இதேபோல் ஒருவர் வந்து பேசினார். 7.5 எந்தக் கல்லூரியில் சேர்ந்தாலும் வரும்தானே? பள்ளிதானே முக்கியம்?

மேட்டுத்தெரு

இல்லை அம்மா. பள்ளி சரியாக இருந்தாலும் அந்த இடமும் கலந்தாய்வு வழியாகத்தான் வர வேண்டும். கலந்தாய்வில் 7.5-ல் இடம் எடுத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே ஏற்கும். அதே பையன் மேனேஜ்மெண்டில் சேர்ந்தால் இந்த ஒதுக்கீட்டில் ஒரு ரூபாயும் வராது. நான்கு வருடத்துக்கான செலவு மொத்தமும் அந்த ஒரு கையெழுத்தில் உங்கள் தலையில் விழும். தயவுசெய்து அட்வான்ஸ் எதுவும் கட்டாதீர்கள். உங்கள் பையன் நிலையில் இருக்கும் பிள்ளைக்குக் கலந்தாய்வை விட்டுவிட்டு வேறு வழி தேடுவது பெரிய நஷ்டம்.

கரும்பலகை

கணக்கு டீச்சர் சொன்னதைத் தள்ளிவிடாதீர்கள். முப்பது வருடம் பிளஸ் டூவுக்குக் கணக்கு நடத்தியவன் நான். பி.எஸ்சி. பக்கம் என்னென்ன இருக்கிறது என்று பெற்றோர் கேட்பதே இல்லை.

மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் இன்ஸ்பயர் உதவித்தொகை ஆண்டுக்கு 80,000 ரூபாய். 60,000 மாணவர் கைக்கு, 20,000 கோடை ஆய்வுத் திட்டத்துக்கு. மாநிலப் பாடத்திட்டத்தில் மேல் 1 விழுக்காட்டுக்குள் மதிப்பெண் இருக்க வேண்டும். ஆனால் இது அடிப்படை அறிவியலுக்கு மட்டும்தான். கணிதம், இயற்பியல், வேதியியல், புள்ளியியல், தாவரவியல், விலங்கியல், நுண்ணுயிரியல், புவியியற்பியல் என்று 18 பாடங்கள் பட்டியலில் இருக்கின்றன. பி.இ., எம்.பி.பி.எஸ். கிடையாது. பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸும் கிடையாது, பயோடெக்னாலஜியும் கிடையாது. இதுதான் பிள்ளைகளை வீழ்த்துகிறது. 590 மார்க் வாங்கிய பெண் பி.எஸ்சி. என்ற பெயரைப் பார்த்து கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்துவிட்டு, பிறகு விண்ணப்பிக்கும்போதுதான் பாடத்தின் பெயரே பட்டியலில் இல்லை என்று தெரிந்து என்னிடம் வந்து நின்றாள். அதே கல்லூரியில் அடுத்த அறையில் பி.எஸ்சி. கணிதம் எடுத்திருந்தால் மூன்று வருடத்தில் கைக்கு மட்டும் 1,80,000 வந்திருக்கும்.

வைப்பாறு தம்பிக்கு: 531 அந்த 1 விழுக்காட்டுக்குள் வராது. எனவே உங்கள் தங்கைக்கு இது பொருந்தாது. ஆனால் இந்த இழையைப் படிக்கும் வேறு யாருக்காவது பொருந்தலாம், அதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன்.

உங்கள் தங்கைக்குப் பொருந்துவது இன்னொன்று. பி.சி., எம்.பி.சி. மாணவர்கள் அரசு, அரசு உதவி பெறும் கல்லூரிகளில் மூன்றாண்டு இளங்கலைப் படிப்பில் சேர்ந்தால், இலவசக் கல்வித் திட்டத்தில் வருமான நிபந்தனை இல்லாமலேயே உதவித்தொகை உண்டு. தொழிற்படிப்பு, பாலிடெக்னிக், முதுகலை என்றால் குடும்ப வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். உதவி பெறும் கல்லூரி என்று பெயர்ப்பலகை இருந்தாலும் உள்ளே இரண்டு பிரிவு இருக்கும்: எய்டட், செல்ஃப் ஃபைனான்ஸ். கணிதம், இயற்பியல் போன்ற பழைய பாடங்கள் எய்டடில் இருக்கும். கம்ப்யூட்டர் சயின்ஸ், பி.சி.ஏ. போன்றவை பெரும்பாலும் செல்ஃபில்தான். வளாகம் ஒன்று, வாட்ச்மேன் ஒருவர், கட்டணம் மட்டும் வேறு. சேர்வதற்கு முன் "இந்தப் பாடம் எய்டடா, செல்ஃபா" என்று அலுவலகத்தில் கேட்டு, ரசீதில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.

தெற்குவெளி

> முதல் பட்டதாரி சலுகை 2010-11 கல்வியாண்டில் வந்தது

இது பி.எஸ்சி.க்குச் செல்லாதா? சான்றிதழ் எடுத்து வைத்திருக்கிறோம்.

மேட்டுத்தெரு

செல்லாது. பொறியியல், மருத்துவம், வேளாண்மை, கால்நடை, சட்டம் மாதிரிக் கலந்தாய்வு வைத்து நிரப்பும் தொழிற்படிப்புகளுக்குத்தான். பி.எஸ்சி. வேளாண்மை என்றால் உண்டு, பி.எஸ்சி. இயற்பியல் என்றால் இல்லை.

செவ்வந்தி

ஆதிதிராவிடர் நல உதவித்தொகையில் படித்து வேலைக்கு வந்தவள் நான். எஸ்.சி., எஸ்.டி. பிள்ளைகளுக்கு இந்த இழையில் யாரும் எழுதாததால் சொல்கிறேன். குடும்ப வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருந்தால், பத்தாவதுக்கு மேல் படிப்பவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை உண்டு. இங்கேயும் மேனேஜ்மெண்ட் கோட்டா இடங்களுக்கு மத்திய விதியில் இடமில்லை.

படிப்பைப் பொறுத்துத் தொகையும் மாறும். எஸ்.சி. மாணவர்களுக்கு 2021-ல் வந்த புதிய விதிப்படி, பொறியியல் மாதிரித் தொழிற்படிப்பு முதல் பிரிவு. விடுதியில் இருந்தால் ஆண்டுக்கு 13,500, வீட்டிலிருந்து போனால் 7,000 பராமரிப்புப் படி. சாதாரண பி.ஏ., பி.எஸ்சி. மூன்றாம் பிரிவு. அதற்கு 6,000, 3,000. கல்விக் கட்டணம் இதில் சேராது, அது தனி.

எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் அதிகம் அடிபடுவது வேறு ஒரு விதியில். ஒரு இளங்கலை முடித்தவர் அதே நிலையில் இன்னொரு இளங்கலை படித்தால் உதவித்தொகை கிடையாது. பி.ஏ. முடித்துவிட்டு பி.காம். போனால் இல்லை. ஒரு பாடத்தில் எம்.ஏ. முடித்துவிட்டு இன்னொரு பாடத்தில் எம்.ஏ. போனாலும் இல்லை. நடுவில் முன் அனுமதி இல்லாமல் படிப்பையோ கல்லூரியையோ மாற்றினால் உதவித்தொகையை நிறுத்தவும் விதியில் இடம் இருக்கிறது.

"இப்போதைக்கு கிடைத்ததில் சேர், பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று பெரியவர்கள் சொல்வார்கள். காசு இருக்கிற வீட்டுப் பிள்ளைக்கு அது சரி. முதல் தலைமுறைப் பிள்ளைக்கு அந்த முதல் சேர்க்கைதான் உதவித்தொகையோடு வருகிறது. பிடிக்காத பி.ஏ.வில் மூன்று வருடத்தை முடித்துவிட்டால் பிடித்த இளங்கலைக்கு அது திரும்ப வராது. எனக்கு இதில் உண்மையாகவே கோபம் இருக்கிறது. பதினேழு வயதில் யாரும் விளக்கிச் சொல்லாமல் எடுத்த முடிவுக்கு ஏழைப் பிள்ளைக்கு மட்டும் இவ்வளவு பெரிய விலை.

கல்லாப்பெட்டி

வங்கியில் கல்விக் கடன் பிரிவில் இருந்தவன். கடன் பற்றி யாரும் தொடவில்லை, அதைச் சொல்கிறேன்.

கடன் கிடைப்பது வேறு, வட்டி மானியம் கிடைப்பது வேறு. குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால் படிக்கும் காலத்துக்கும் அதற்கு மேல் ஒரு வருடத்துக்கும் வட்டியை மத்திய அரசே கட்டும் திட்டம் இருக்கிறது. அது தொழிற்படிப்பு, தொழில்நுட்பப் படிப்புக்கு மட்டும். பி.ஏ. வரலாற்றுக்கு வங்கி கடன் கொடுத்தாலும் வட்டி உங்கள் பொறுப்புதான்.

2018 முதல் இன்னொரு நிபந்தனை சேர்ந்தது. மத்திய அரசின் கல்வி நிறுவனங்களை விட்டுவிட்டால், கல்லூரிக்கு நாக் (தேசியத் தர மதிப்பீட்டு அமைப்பு) அங்கீகாரம் இருக்க வேண்டும், அல்லது அந்தப் பாடப்பிரிவுக்கு என்.பி.ஏ. (தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் இருக்க வேண்டும். இதை ஆற அமர யோசியுங்கள். நாக் என்பது கல்லூரி முழுமைக்கும். என்.பி.ஏ. ஒவ்வொரு பாடப்பிரிவுக்கும் தனித்தனி. நாக் இல்லாத ஒரு கல்லூரியில் மெக்கானிக்கலுக்கு என்.பி.ஏ. இருக்கும், போன வருடம் புதிதாகத் தொடங்கிய செயற்கை நுண்ணறிவுப் பிரிவுக்கு இருக்காது. இருக்கவும் முடியாது, ஏனென்றால் குறைந்தது இரண்டு பேட்ச் படித்து வெளியே வந்த பிறகுதான் என்.பி.ஏ.வுக்கே விண்ணப்பிக்கலாம். அதே கல்லூரியில் மெக்கானிக்கல் எடுத்தவருக்கு மானியம் உண்டு, புதுப் பிரிவு எடுத்தவருக்கு இல்லை. புதுப் பெயர் வைத்த பிரிவுகளுக்கு ஓடும் பெற்றோர் இதைக் கேட்டு நான் பார்த்ததில்லை. கல்லூரி விளம்பரத்தில் "என்.பி.ஏ. அங்கீகாரம் பெற்றது" என்று பெரிய எழுத்தில் இருந்தால், எந்தப் பிரிவுக்கு, எந்த வருடம் வரை என்று கேளுங்கள்.

இந்த மானியம் வாழ்நாளில் ஒரு முறைதான். இளங்கலைக்கு வாங்கினால் முதுகலைக்கு இல்லை. நடுவில் படிப்பை விட்டால், மருத்துவக் காரணம் தவிர, மானியம் நின்றுவிடும்.

2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த பிரதம மந்திரி வித்யாலக்ஷ்மி திட்டம் தனி. கல்லூரிகளுக்கான மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசையை வைத்து முதல் கட்டமாக 860 கல்வி நிறுவனங்களைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். அவற்றில் சேர்ந்தால் பிணையோ ஜாமீனோ இல்லாமல் கடன். 7.5 லட்சம் வரை கடனில் 75 விழுக்காட்டுக்கு அரசின் உத்தரவாதம். வருமானம் 8 லட்சத்துக்குள் இருந்தால் 10 லட்சம் வரையிலான கடனுக்கு 3 விழுக்காடு வட்டிச் சலுகை. இதுவும் தகுதி அடிப்படையில் சேர்ந்தவர்களுக்குத்தான், மேனேஜ்மெண்டுக்கு அல்ல.

உப்பளம்

எல்லோரும் நல்ல தகவல் சொல்கிறீர்கள். ஆனால் எனக்கு ஒரு மனக்குறை. உதவித்தொகை கிடைக்கிறதா என்று பார்த்தா படிப்பைத் தேர்ந்தெடுப்பது? பிள்ளைக்கு கம்ப்யூட்டர் பிடித்திருக்கிறது. 80,000 வருகிறது என்று கணிதத்தில் தள்ளினால் மூன்று வருடம் அழுதுகொண்டே படிக்கும். கடன் வாங்கியாவது பிடித்ததைப் படிக்க வைப்பதுதான் பெற்றோர் கடமை.

செவ்வந்தி

கடன் வாங்கும் கடமையைப் பற்றி, கடன் கட்டிய வீட்டில் வளர்ந்தவர்களிடம் கேளுங்கள் சார். தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிற அம்மா எந்த வட்டிக்கு வாங்குவார் என்று உங்களுக்கே தெரியும். வங்கிக் கடன் தாமதமானால் முதல் தவணைக் கட்டணத்துக்கு ஊரில்தான் கை நீட்ட வேண்டும்.

மேட்டுத்தெரு

இருவரும் சொல்வதில் உண்மை இருக்கிறது. ஆனால் இந்த இழையைத் திரும்பப் படித்துப் பாருங்கள். வைப்பாறு தங்கையின் விஷயத்தில் உதவித்தொகைக்காக மாற்ற வேண்டியது பாடத்தை அல்ல, சேரும் வழியைத்தான். கம்ப்யூட்டர் சயின்ஸ் கம்ப்யூட்டர் சயின்ஸாகவே இருக்கட்டும். கலந்தாய்வில் எடுத்தால் முதல் பட்டதாரி உண்டு, நாக் அல்லது என்.பி.ஏ. பார்த்து எடுத்தால் வட்டி மானியம் உண்டு, வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருப்பதால் எம்.பி.சி. உதவித்தொகைக்கும் விண்ணப்பிக்கலாம், புதுமைப் பெண் எப்படியும் உண்டு. தொழில்நுட்பக் கல்விக்கான மத்திய அமைப்பான ஏ.ஐ.சி.டி.இ.யின் பிரகதி திட்டம் பெண்களுக்கு ஆண்டுக்கு 50,000 கொடுக்கிறது, குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருந்தால் போதும், ஏ.ஐ.சி.டி.இ. ஒப்புதல் உள்ள கல்லூரியில் தொழில்நுட்பப் படிப்பின் முதல் வருடத்தில் விண்ணப்பிக்க வேண்டும்.

நான் பார்த்தவரை நம் பிள்ளைகள் பணத்தை இழப்பது பிடித்த பாடத்தை எடுத்ததால் அல்ல. அதே பாடத்துக்குத் தவறான வாசல் வழியாக நுழைந்ததால்தான். கரும்பலகை ஐயா சொன்ன இன்ஸ்பயர்தான் பாடத்தின் பெயரையே பார்க்கிறது. அதையும் கணிதமும் பிடிக்கும், கம்ப்யூட்டரும் பிடிக்கும் என்று இரண்டுக்கும் நடுவில் நிற்கும் பிள்ளையிடம் சொல்லலாம். பிடிக்காத பிள்ளையைத் தள்ள வேண்டாம்.

கரும்பலகை

ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எல்லாம் ஒன்றாகக் கிடைத்துவிடும் என்றும் நினைக்க வேண்டாம். மத்திய அரசின் கல்லூரி மாணவர் உதவித்தொகை ஒன்று இருக்கிறது. வருடத்துக்கு 82,000 பேருக்கு, முதல் மூன்று ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 12,000. பாதி இடம் பெண்களுக்கு. வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். அதன் விதியில் வேறு உதவித்தொகை, கட்டணச் சலுகை, கட்டணத்தைத் திருப்பித் தரும் திட்டம் எதையும் வாங்குபவர் தகுதியற்றவர் என்று தெளிவாக இருக்கிறது. மாநிலத் திட்டங்களும் அதில் அடக்கம். முதல் பட்டதாரி சலுகையும் கட்டணச் சலுகைதான். எனவே ஒவ்வொரு திட்டத்திலும் இந்த ஒரு வரியைத் தேடிப் படித்துவிட்டு, எது பெரிய தொகையோ அதை வைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் வாங்கிவிட்டுப் பிறகு திருப்பிக் கட்டச் சொல்லிக் கடிதம் வந்தால் பிள்ளை நடுங்கிப் போகும்.

தொலைதூரக் கல்விக்கு இந்த மத்திய உதவித்தொகையும் இல்லை. தொடர்ந்து வாங்க ஒவ்வொரு வருடமும் 50 விழுக்காடு மதிப்பெண், 75 விழுக்காடு வருகை வேண்டும்.

வைப்பாறு

எல்லோருக்கும் நன்றி. இரவு அம்மாவையும் தங்கச்சியையும் உட்கார வைத்து இந்த இழை முழுவதையும் வாசித்துக் காட்டினேன். அந்த ஆளுக்கு போன் செய்து வேண்டாம் என்று சொல்லியாகிவிட்டது. "மேனேஜ்மெண்டில் முதல் பட்டதாரி எப்படிக் கிடைக்கும், எழுதித் தருவீர்களா" என்று கேட்டேன். பிறகு பேசுகிறேன் என்று வைத்துவிட்டார்.

கலந்தாய்வுக்கே போகிறோம். ஒரு கேள்வி மட்டும். நான் இரண்டாம் ஆண்டு நேரடிச் சேர்க்கையில் பி.இ. படிக்கலாம் என்று நினைத்திருந்தேன். முதல் பட்டதாரி சலுகையை இரண்டு பேரும் வாங்க முடியுமா? என் டிப்ளமோவால் அவளுக்குச் சிக்கல் வருமா?

மேட்டுத்தெரு

டிப்ளமோ பட்டம் அல்ல. அதனால் அவளுக்குச் சிக்கல் இல்லை. ஆனால் சலுகை ஒரு குடும்பத்தில் ஒருவருக்குத்தான். வேறு யாரும் வாங்கவில்லை என்று பெற்றோரும் மாணவரும் சேர்ந்து கூட்டு உறுதிமொழியில் கையெழுத்துப் போட வேண்டும். யாருக்கு என்று வீட்டில் முடிவு செய்துகொள்ளுங்கள்.

என்னைக் கேட்டால் அவளுக்குக் கொடுங்கள். அவள் படிக்கப்போவது நான்கு வருடம், நீங்கள் சேர்ந்தால் மூன்று வருடம்தான். உங்களுக்கு 2.5 லட்சத்துக்குள் வரும் எம்.பி.சி. உதவித்தொகைக்கு வழி இருக்கிறது, வட்டி மானியமும் இருக்கிறது. ஆனால் உங்கள் சம்பளமும் குடும்ப வருமானத்தில் சேர்ந்தால் கணக்கு மாறும், அதைக் கிராம நிர்வாக அலுவலரிடம் இப்போதே பேசுங்கள்.

நாளைக்கே இ-சேவை மையத்தில் முதல் பட்டதாரி சான்றிதழுக்கு விண்ணப்பித்துவிடுங்கள். அப்பா, அம்மா, இரு பக்கத்துத் தாத்தா பாட்டி, உடன்பிறந்தவர்கள் எல்லோருடைய படிப்பு விவரமும் கேட்பார்கள். தாத்தா இறந்திருந்தால் இறப்புச் சான்றிதழ் கையில் இருக்கட்டும். தங்கச்சி பெயரில் வங்கிக் கணக்கு இருக்கிறதா, ஆதார் இணைத்திருக்கிறதா என்றும் பாருங்கள், புதுமைப் பெண் பணம் அதில்தான் விழும். விருப்பப் பட்டியல் போடும் நேரத்தில் இங்கே வந்து கல்லூரிப் பெயர்களை எழுதுங்கள். எதற்கு நாக் இருக்கிறது, எந்தப் பிரிவுக்கு என்.பி.ஏ. இருக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்து பார்த்துவிடலாம்.

வைப்பாறு

அவளுக்கே வாங்குகிறோம் அண்ணா. அப்பாவின் அப்பாவுக்கு இறப்புச் சான்றிதழ் எடுக்கவே இல்லை, முதலில் அதற்கு அலைய வேண்டும். பட்டியலோடு வருகிறேன்.